வழியனுப்பும் மாலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் பல மாநிலங்களில் அக்டோபர் மாதம் இலையுதிர்கால விடுமுறை வருவதால், அந்நாட்டுப் பள்ளி மாணவர்கள் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் அந்த நாட்களையொட்டி நம் பள்ளிகளுக்கு வந்து, இங்குள்ள மாணவர்களின் வீடுகளிலேயே தங்கிச் செல்வதுண்டு. இவ்வாண்டு எங்கள் வீட்டிலும் என் மகளின் வயதையொத்த ஒரு மாணவி தங்கியிருந்தாள். அவளை வழியனுப்பிய பிறகு, இத்தகைய திட்டங்களை நடத்தும் பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கத் தோன்றுகிறது: பிள்ளைகள் பிரியும் கடைசி மாலையை மேடை விழாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வெளிநாட்டினரை வீட்டில் தங்கவைப்போர் 24 மணி நேரத்துக்குள் அதைக் குடிவரவு அதிகாரிகளிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. அந்தப் பதிவில் தொடங்கி, காரத்தைக் குறைத்துச் சமைப்பது வரை பெற்றோர் மனமுவந்து செய்வதெல்லாம், பிள்ளைகள் ஒரே வீட்டில் இருந்து பழக வேண்டும் என்பதற்காகத்தான். முதல் சில நாட்கள் கூச்சத்திலேயே கழிந்துவிடுகின்றன. அது விலகி, அவர்கள் இரவு வெகுநேரம் மொட்டைமாடியில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசத் தொடங்கும்போது, புறப்படும் நாள் நெருங்கிவிடுகிறது.

எங்கள் பிள்ளைகளின் கடைசி மாலை பள்ளி அரங்கில் கழிந்தது. சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, குழுப் புகைப்படம் என்று நேரம் போனது. வந்திருந்த மாணவர்கள் மேடையில் ஒரு வரிசையாகவும், அவர்களுடன் ஒரே வீட்டில் உண்டு உறங்கிய நம் பிள்ளைகள் கீழே பார்வையாளர்களாகவும் இருந்தார்கள். வீடு திரும்பியதும் பெட்டியை எடைபோட்டுப் பார்த்தால், 23 கிலோ வரம்பைத் தாண்டியிருந்தது. விழாவில் தந்த கனமான நினைவுப் பரிசை அவள் தயக்கத்தோடு வெளியே எடுத்து வைத்தாள். என் மாமியார் சுட்டுக் கொடுத்த முறுக்கையும், என் மகள் கையால் எழுதித் தந்த சமையல் குறிப்பு நோட்டையும் எடுக்கவே இல்லை.

பிராங்க்பர்ட் விமானம் நள்ளிரவுக்குப் பிறகுதான் புறப்படும் என்றாலும், பயணச்சீட்டு இல்லாதவர்களை முனையத்துக்குள் அனுமதிப்பதில்லை என்பதால், விடைபெறுதல் முழுவதும் நுழைவாயிலுக்கு வெளியே, தள்ளுவண்டிகளுக்கு நடுவில் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. கட்டிப்பிடித்து அழுத பிள்ளைகளை, வரிசை நகர்கிறது என்று ஆசிரியர்கள் பிரிக்க வேண்டியிருந்தது. விமான நிலையத்தின் விதியை நாம் மாற்ற முடியாது. ஆனால் அங்கே கிடைக்காத நேரத்தை முந்தைய மாலையில் தர நம்மால் முடியும்.

இத்திட்டங்களின் வரலாற்றை அறிந்தவர்கள் இதைச் சிறு விஷயமாகக் கருதமாட்டார்கள். முதல் உலகப் போரில் காயமுற்றோரை ஆம்புலன்சில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வலர்களின் ஏஎஃப்எஸ் அமைப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947-இல் பத்து நாடுகளின் மாணவர்கள் 52 பேரை அழைத்துத் தன் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கியது. பகைநாடுகளாக இருந்த பிரான்சும் ஜெர்மனியும் 1963-இல் எலிசே ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக இளைஞர் அலுவலகம் ஒன்றை நிறுவின. அதன் மூலம் இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோர் பரிமாற்றங்களில் பங்கேற்றுள்ளனர். அரசுகள் கையெழுத்திட்டதோடு நில்லாமல் இளையோரை நேரில் பழகவிட்டதில்தான் இம்முயற்சிகளின் பலம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைத்த ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அதைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னதாக, ஒரு காலைக் கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். கடைசி மாலையில் தங்கவைத்த குடும்பங்கள் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடட்டும். நம் பிள்ளைகள் மறுபயணமாக அங்கே செல்லும்போது யார் யார் வீட்டில் தங்குவார்கள், நமக்கும் ஜெர்மனிக்கும் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் வித்தியாசம் இருக்கையில் எந்த வேளையில் பேசிக்கொள்வது என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். செலவு காரணமாக மறுபயணம் போக இயலாத பிள்ளைகளுக்கு இந்த மாலை இன்னும் முக்கியம். அவர்களில் பலருக்கு இதுவே கடைசிச் சந்திப்பாக இருக்கக்கூடும்.

அடுத்த ஆண்டுக்கான நிகழ்ச்சி நிரலைப் பள்ளிகள் விரைவில் வகுக்கத் தொடங்கும். அதில் கடைசி நாளை நிரப்புவதற்கு முன், தங்கவைத்த குடும்பங்களையும் மாணவர்களையும் அழைத்து ஒருமுறை கலந்து பேசும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
நங்கநல்லூர், சென்னை.