ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

பேரணாம்பட்டுப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். 21 வருடமாக ஸ்டிச்சிங் லைனில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். என் மகளும் இரண்டு வருடமாக இதே வேலைதான். சம்பளத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, அதைப் பேசச் சங்கம் இருக்கிறது. இது எங்கள் உடம்பைப் பற்றிய கடிதம். அதிலும் நாங்கள் வாய்விட்டுச் சொல்லாத பகுதியைப் பற்றிய கடிதம். கூச்சப்பட்டே இத்தனை வருடம் போய்விட்டது, இனியும் கூச்சப்பட்டால் என் மகளுக்கு நான் துரோகம் செய்தவளாவேன்.

போன வருடம் அவளுக்குத் தொடர்ந்து நான்கு மாதம் வீட்டுக்கு விலக்கு வரவில்லை. முகவாயில் முடி முளைத்தது, பின்கழுத்து கறுத்தது, எடை 68 கிலோவுக்குப் போனது. அவளுக்கு வயது 21. வீட்டுப் பெரியவர்கள் கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். நான் கேட்கவில்லை, ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வேலூருக்கு அழைத்துப் போனேன். ரத்தமும் ஸ்கேனும் பார்த்துவிட்டு டாக்டரம்மா பி.சி.ஓ.எஸ். என்றார். எங்கள் பக்கம் நீர்க்கட்டி என்று சொல்வோமே, அதுதான்.

அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். சாப்பாட்டில் இருந்து வரும் சர்க்கரையை உடம்பு பயன்படுத்த உதவுவது இன்சுலின். அது சரியாக வேலை செய்யாதபோது உடம்பு இன்னும் கூடுதலாக அதைச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்களுக்கு அதிகம் சுரக்கும் ஹார்மோனை இங்கேயும் அதிகமாக்குகிறது. அதனால் முட்டை முழுதாக வளர்ந்து வெளியே வருவதில்லை. ஸ்கேனில் தெரிவது உண்மையில் கட்டியே இல்லையாம், வளர்ச்சி பாதியில் நின்றுபோன முட்டைப் பைகளாம். எடையில் 100-க்கு 5 பங்கு குறைந்தாலே பல பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வந்துவிடும் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "காலையில எத்தனை மணிக்கும்மா சாப்பிடுவே?"

நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் காலையில் சாப்பிடுவதே இல்லை.

எங்கள் நாளை உங்களுக்குச் சொல்கிறேன். விடியற்காலை 4.30-க்கு எழுந்திருக்கிறோம். தண்ணீர் பிடித்து, சமைத்து, டப்பா கட்டி, 6.45-க்குக் கம்பெனி பஸ் ஏற வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் தொண்டையில் இறங்காது. ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு பஸ் 8 மணிக்கு கேட்டுக்கு வருகிறது. லைன் ஓடத் தொடங்குவது 8.30-க்கு. 10.15-க்கு ஒரு டீ, ஒரு பன். சோறு 12.30-க்கு. முந்தின இரவு 9.30-க்குச் சாப்பிட்டதற்குப் பிறகு 15 மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுக்கு ஒழுங்கான சாப்பாடு. அந்தப் பசியில் தட்டு நிறைய வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்கும் உள்ளே போகிறது. சாப்பிட்ட கையோடு மறுபடி மெஷின் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருப்பதில்லை. இன்சுலின் தடுமாறும் உடம்புக்கு இதைவிடக் கெட்ட ஏற்பாட்டை யோசித்துக்கூடச் செய்ய முடியாது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம். பசியோடு பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. அந்தப் பிள்ளையின் தாய் அதே நேரத்தில் வெறும் வயிற்றோடு பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறாள். அவளைப் பற்றியும் யாராவது யோசிக்க வேண்டாமா?

என் மகள் ஒருத்திக்கு வந்த கஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் 100 பேரில் 10 முதல் 13 பேருக்கு இந்தப் பி.சி.ஓ.எஸ். இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருப்பவர்களிலும் 70 சதவீதம் வரை அது தெரியாமலே வாழ்கிறார்களாம். 60 பெண்கள் இருக்கும் என் லைனில் அந்தக் கணக்குப்படி ஆறு பேருக்காவது இருக்க வேண்டும். ரத்தசோகை இன்னும் மோசம். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தம் குறைவு. பாதிக்கு மேல். மத்தியானத்துக்கு மேல் தையல் கோணிப் போகிறது, ரிஜெக்ட் கூடுகிறது என்று சூப்பர்வைசர் திட்டும்போது எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும்.

டீயைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்களுக்கு எளிதாகப் புரியும். நம் ஜில்லா டேனரிகளில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதப்படுத்துவார்கள். பட்டையில் இருக்கும் டேனின்தான் தோலைப் பிடித்துக்கொண்டு கெட்டிப்படுத்தும். அதே ஜாதிச் சரக்கு தேயிலையிலும் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை அது பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது குறைந்துபோகிறது. எங்களில் பாதிப் பேர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை 10.15 டீயோடுதான் விழுங்குகிறோம், வேறு நேரம் கிடையாது. மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையே என்று அப்புறம் அழுகிறோம். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளி டீ குடித்தால் நல்லது, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். இன்னொன்று, கேன்டீன் டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை இருக்கிறது, சுமார் 10 கிராம். மூன்று டீ குடித்தால் 30 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறார்கள். ஒரு அண்டாவில் சர்க்கரை இல்லாத டீ வையுங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். பன்னுக்குப் பதிலாக அவித்த மல்லாட்டையோ (வேர்க்கடலை) காராமணிச் சுண்டலோ கொடுங்கள். மல்லாட்டை விளைகிற சீமையில் இருந்துகொண்டு மைதா பன்னைத் தின்ன எங்களுக்கு என்ன தலையெழுத்து?

டாக்டரம்மா சொன்ன சாப்பாட்டில் கடைக்குப் போய்த் தேடவேண்டிய பொருள் ஒன்றுகூட இல்லை. கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், மொச்சைக் குழம்பு, முட்டை, மோர். சோற்றைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பருப்பும் காயும். என் பாட்டி தின்று வளர்ந்ததுதான். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, 40 தாண்டிய எங்கள் எலும்புக்கு அது வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் கேன்டீனில் களி போட்டுப் பாருங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஜில்லா நம்முடையது, அந்தக் காய் எங்கள் தட்டில் மாதம் ஒரு முறைகூட விழுவதில்லை. வெள்ளிக்கிழமை பிரியாணியை நிறுத்தச் சொல்லவில்லை. கூட வைக்கும் கத்திரிக்காயையும் தயிர் வெங்காயத்தையும் தாராளமாக வையுங்கள் என்கிறேன்.

சாப்பாட்டோடு முடியவில்லை. ஒரு லைனுக்கு இரண்டு பாஸ்தான், பாஸ் கையில் இருந்தால்தான் பாத்ரூம் போகலாம். அதனால் நாங்கள் தண்ணீரே குடிப்பதில்லை. வேலூரை வெயிலூர் என்பார்கள், அந்த வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பாட்டில் தண்ணீரைச் சாயங்காலம் வரை மிச்சம் வைக்கிறோம். நீர்க்கடுப்பு இல்லாத பெண் லைனில் அபூர்வம். விலக்கு நாட்களில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டும். வலி தாங்காமல் மாத்திரை போட்டுக்கொண்டு டார்கெட்டை முடிக்கிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். அந்தப் பாஸை எடுத்துவிடுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

என் வயதுக்காரிகள் கதை வேறு. மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கும்போது உடம்பு திடீரென்று தீப்பற்றினது போலக் காயும், வேர்த்துக் கொட்டும், ராத்திரித் தூக்கம் போகும். அந்த நேரத்தில் ஒரு ஃபேன் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும். நின்றால் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாள் என்ற பெயர். எனக்குத் தைராய்டும் இருக்கிறது. மாத்திரையை எழுந்தவுடன் வெறும் வயிற்றில் போட்டுவிடுவேன், அதற்கு அரை மணி நேரம் கழித்துத்தான் டீ. கால்சியம், இரும்பு மாத்திரைகளை அதிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும் என்று எனக்கு யாரும் பல வருடம் சொல்லவே இல்லை. சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

இதை என் கூட வேலை செய்யும் பிள்ளைகளும் படிப்பார்கள், அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. சாப்பாடும் நடையும் மருந்தோடு சேர்ந்து வேலை செய்யும், மருந்துக்குப் பதிலாக வராது. பஸ் ஸ்டாண்டில் ஹார்மோன் பவுடர் என்று விற்பதை நம்பித் தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். கல் உப்பு வாங்கினால் அயோடின் சேர்த்ததா என்று பாக்கெட்டில் பாருங்கள். மாதவிடாய் 21 நாளுக்கு முன்பே வந்தாலும், 35 நாள் தாண்டித் தாண்டி வந்தாலும், மூன்று மாதம் வராமலே போனாலும், ஒரு வாரத்துக்கு மேல் நிற்காமல் போனாலும் டாக்டரைப் பாருங்கள். முழுதாக நின்றபின் மறுபடி ரத்தம் பட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நிர்வாகத்தினருக்கு மறுபடி வருகிறேன். வருடத்துக்கு ஒரு முறை கேம்ப் நடத்துகிறீர்கள், பிபி, சுகர், கண் பார்க்கிறார்கள். நல்ல காரியம். அதோடு ரத்த அளவும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பெண் டாக்டர் இருக்கட்டும். ரிசல்ட்டைச் சூப்பர்வைசர் கையில் கொடுக்காமல் அந்தப் பெண் கையிலேயே கொடுங்கள். நீர்க்கட்டி என்ற வார்த்தை லைனில் கசிந்தால் கல்யாணப் பேச்சு வரை பாதிக்கும், அதற்குப் பயந்தே பலர் கேம்ப் பக்கம் வருவதில்லை. சீசன் நேரத்தில் ஓ.டி. (ஓவர்டைம்) வைத்தால் வீடு சேர 9.30, படுக்க 11 மணி. ஐந்தரை மணி நேரத் தூக்கத்தில் எந்த ஹார்மோனும் ஒழுங்காக நடக்காது. வாரத்தில் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் ஒரே பெண்ணை ஓ.டி.யில் உட்கார வைக்காதீர்கள்.

இந்தச் சீமைக்கு இது புதிய பேச்சு இல்லை. பெண் டாக்டர் இல்லாத குறையால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனதைப் பார்த்த ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண், டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து 1900-ல் வேலூரில் ஒரு சின்ன அறையில் வைத்தியம் தொடங்கினார். 1902-ல் பெண்களுக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வந்தது. இன்றைய சி.எம்.சி. அப்படி வளர்ந்தது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வைத்தியத்துக்கு வந்து இறங்கும் ஊருக்குப் பக்கத்திலேயே, பெரிய ஆஸ்பத்திரி தேவைப்படாத ஒரு காரியத்துக்காக நாங்கள் நோயாளி ஆகிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

என் மகளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லையே. டாக்டரைப் பார்த்து வந்த பிறகு அவளுடைய லைன் சூப்பர்வைசரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. பஸ் வந்ததும் 8.10-க்குக் கேன்டீனைத் திறக்கச் சொன்னார். அவளும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் தங்கள் டப்பாவிலிருந்து இரண்டு இட்லி, ஒரு முட்டை, கொஞ்சம் சுண்டல் சாப்பிட்டுவிட்டு லைனுக்குப் போனார்கள். மத்தியானம் சோறு தானாகக் குறைந்தது. சாப்பிட்டபின் ஷெட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்தார்கள், வீட்டுக்கு வந்து ஏரிக்கரையில் ஒரு அரை மணி. ஆறு மாதத்தில் நாலு கிலோ குறைந்தது. ஐந்தாவது மாதமே விலக்கு வந்துவிட்டது. அன்றைக்கு என் மகள் அழுதது எனக்கு மறக்காது.

தை மாதம் அந்தச் சூப்பர்வைசரம்மா வேறு யூனிட்டுக்கு மாற்றலாகிப் போனார். கேன்டீன் கதவு பழையபடி 10 மணிக்குத்தான் திறக்கிறது. 8 மணியிலிருந்து 8.30 வரை எல்லோரும் கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள், பையை லாக்கரில் வைத்தாயிற்று, சாப்பிட இடம் கிடையாது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைக்குக் கேன்டீன் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. நீங்கள் கட்டியும் வைத்திருக்கிறீர்கள். காலையில் அது பூட்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

8 மணிக்குத் திறந்து வையுங்கள். ஒருவருடைய நல்ல மனசை நம்பி இல்லாமல், நோட்டீஸ் போர்டில் ஒட்டித் திறந்து வையுங்கள். டப்பா நாங்கள் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
ஸ்டிச்சிங் லைனில் இருந்து ஒரு தாய்