காட்டைத் தீட்டியவர் டைரஸ் வோங்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் அனிமேஷன் கட்டுரையில், ‘வால்ட் டிஸ்னி தன் கையால் தீட்டிய பாம்பி காடு’ என்று ஒரு வரி. தங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் அது அச்சேறியதுதான் மனதை உறுத்துகிறது.

பாம்பி என்ற மான்குட்டியின் கதையைச் சொல்லும் அந்த டிஸ்னி அனிமேஷன் படத்தின் காட்டுக்குத் தோற்றம் கொடுத்தவர் டைரஸ் வோங் என்ற சீன-அமெரிக்க ஓவியர். 1938இல் டிஸ்னி ஸ்டுடியோவில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது இடைப்படம் வரையும் வேலை. ஓர் அசைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் வரும் படங்களை நாள் முழுக்க வரைந்து நிரப்ப வேண்டும். பாம்பிக்கு அப்போது போட்டுப் பார்த்த பின்னணிகளில் இலை, கிளை எதுவும் விடுபடவில்லை. மான்தான் அவற்றுக்குள் காணாமல் போனது. வோங் தாமாகவே சின்னச் சின்ன ஓவியங்கள் தீட்டிக் காட்டினார். சோங் அரசமரபுக் காலத்துப் பழைய சீன நிலக்காட்சி ஓவியத்தின் வழி அது. மான் நிற்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் புல், ஒரு மரத்தண்டு தெளிவாக இருக்கும். ஓரம் போகப் போக எல்லாம் பனிமூட்டமாகக் கரைந்துவிடும். கண் தானாக மானிடம் போகும். 1941இல், ஸ்டுடியோ ஊழியர்களின் வேலைநிறுத்தத்தை அடுத்து, அவருக்கு வேலை போனது. 1942இல் வெளிவந்த படத்தில் பின்னணி ஓவியர்கள் பட்டியலில் ஒரு பெயராக மட்டுமே நின்றார்.

முன்பொரு முறை டிஸ்னி ஓவியர் மேரி பிளேரின் ஓவியத்தை ‘ஆலிஸ் படத்தில் ஒரு காட்சி’ என்று வெளியிட்டீர்கள். அது காட்சி அல்ல. படம் எடுக்கும் முன், நிறம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டத் தீட்டியது. தீபாவளி மலரிலோ ‘வண்ணங்களைக் கணினியே பார்த்துக்கொள்கிறது’ என்றீர்கள். கணினிக்கு முன்னால் கலர் ஸ்கிரிப்ட் இருக்கிறது, ஐயா. முழுப் படத்தையும் தீப்பெட்டி அளவுக் கட்டங்களாக வரிசையில் தீட்டி, எந்த இடத்தில் நிறம் ஏற வேண்டும், எங்கே வற்ற வேண்டும் என்று முடிவு செய்வார்கள். ஒரு கட்டத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கும்போது முகமும் சுவரும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொண்டால், சிவப்பை நீலமாக்கிப் பயனில்லை. வெளிச்சத்தைத்தான் மாற்ற வேண்டும். அங்கே விட்ட பிழையைப் பிறகு கணினியில் ஒளியமைக்கும் லைட்டிங் வேலையில் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும்.

தங்கள் விமர்சனங்களில் குரல் கொடுத்த நடிகர் பெயர் ஒருபோதும் விடுபடுவதில்லை. கலை இயக்குநர் பெயரை இதுவரை ஒருமுறைகூட நான் கண்டதில்லை.

வோங்கை டிஸ்னி நிறுவனமே 2001இல் கௌரவித்தது. அவர் 2016இல், 106 வயதில் மறைந்தார். அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தமாக அவர் பெயரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பின்னணி ஓவியர் ஒருவர்,
கோடம்பாக்கம்