படத்துக்குள் பூட்டிய விலாசம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடைகளின் இணையதளங்கள் பலவற்றில் விலாசமும் போன் நம்பரும், அச்சடித்த நோட்டீஸ் போல, ஒரே படத்துக்குள் கிடக்கின்றன. படத்திலுள்ள எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. திரையிலுள்ளதைப் பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானுக்கும் அது பெரும்பாலும் வெறும் படம்தான். எண்ணை எழுத்தாகவே அடித்து, 'டெல்' (tel:) என்ற அழைப்பு இணைப்பு கொடுத்தால் ஒரு தொடுதலில் அழைக்கலாம்.

கேமராவில் எடுத்த 5 எம்பி புடவைப் படத்தை அப்படியே ஏற்றுவது அடுத்த தவறு. அகலத்தை 1200 பிக்சலாக்கி படத்தைச் சுருக்கி வைக்கும் 'வெப்பி' (WebP) வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். முகப்பில் தானாக நகரும் ஐந்து படங்களை வைத்தால் அது எங்கே நடக்கும்? ஐந்தாவது படம் வரை காத்திருப்பவர்தான் யார்?

தமிழை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில்தான் அடிக்க வேண்டும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பக்கம், அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், தேடலிலும் சிக்காது. வரி உயரம் எழுத்தளவைப் போல 1.6 மடங்காவது இருக்கட்டும். குறைந்தால் மேல்வரி 'கு'வின் கீழ்வளைவும் கீழ்வரி 'கீ'யின் மேல்சுழியும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறையக் கூடாது. குறிப்பாக ஆர்டர் படிவத்தில். சிறிதானால் ஐபோனில் கட்டத்தைத் தொட்டதும் பக்கமே பெரிதாகி நகர்ந்துவிடும்.

– இணையதள வடிவமைப்பாளர்கள் சிலர், கோவை