உறையைப் பிரிக்காமல் டைரி வாங்கச் சொன்னால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்ததும் கடை வாசலில் டைரிகளை அடுக்கிவிடுகிறார்கள். எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள். பிரித்தால் வாங்கியே தீர வேண்டும் என்ற எச்சரிக்கை வேறு. ரெக்சின் அட்டையும் பொன்னெழுத்தும் தவிர வாங்குகிறவர் கண்ணில் எதுவும் படுவதில்லை. ரகத்துக்கு ஒரு பிரதியையாவது கடைக்காரர்கள் பிரித்து வைக்க வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

பிரித்த பிரதி கைக்கு வந்ததும் முதலில் முதுகை, அதாவது தாள்கள் சேரும் ஓரத்தை, பாருங்கள். மேலிருந்து பார்த்தால், தாள்கள் எட்டெட்டாக மடிந்து சின்னச் சின்னக் கட்டுகளாகத் தெரிய வேண்டும். ஒரு கட்டின் நடுவில் திறந்தால் நூல் தெரியும். இதுதான் நூல் தையல். கட்டே இல்லாமல், ஒரே சீராக வெட்டிய தாள்களின் மேல் பசை மட்டும் பூசியிருந்தால் அது கம் பைண்டிங். ஒரு முறை படித்து அலமாரியில் வைக்கும் புத்தகத்துக்கு அது போதும். தினமும் விரித்து அழுத்தும் டைரியில் பசை விரிசல் விடும். ஒரு தாள் கழன்றால் பக்கத்துத் தாளும் பிடிப்பை இழக்கும். ஓரத்தில் துளையிட்டு வளையக் கம்பி கோத்த வைரோ டைரி நன்றாக மடங்கும். ஆனால் பைக்குள் நசுங்கிக் கம்பி வளைந்துவிட்டால் தாளின் துளைகள் கிழியும்.

அடுத்து, நடுப்பக்கத்தை விரித்து மேசையில் வைத்துக் கையை எடுங்கள். தானாக மூடிக்கொண்டால் தையலில் குறை இருக்கலாம், காகிதத்தின் இழையோட்டத்திலும் இருக்கலாம். ஒரு தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த மடிப்பின் திசையில்தான் இழை ஓடுகிறது. டைரியில் அது மேலிருந்து கீழாக, முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். காகிதம் மிச்சமாகிறதே என்று குறுக்காக வெட்டிப் போட்டிருந்தால் பக்கம் விறைத்து நிற்கும். மழைக்காலத்தில் முதுகோரம் அலை அலையாகச் சுருங்கும்.

காகிதத்தைத் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பேனாவால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி, சற்றுப் பொறுத்துத் திருப்பிப் பாருங்கள். பால்பாயின்டுக்கு 60 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) உள்ள மேப்லித்தோ என்ற எழுதுதாள் போதும். ஜெல் பேனாவுக்கு 70. மைப் பேனாவுக்கு 80-க்குக் குறையக் கூடாது. ஆனால் கனம் மட்டும் காப்பாற்றாது. மை ஊறாமல் தடுக்கும் பசைப்பூச்சு மேற்பரப்பில் குறைவான தாள் எத்தனை கனமானாலும் மையை உறிஞ்சி எழுத்தைப் பிசிறடிக்கும். வழவழப்பான ஆர்ட் தாளிலோ மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும்.

கோடுகளின் இடைவெளியை யாருமே கவனிப்பதில்லை. பல டைரிகளில் 6 மில்லிமீட்டர்தான் விடுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் சமாளித்துவிடுவார். தமிழிலோ 'கீ' மேலே சுழிக்கும், 'பூ' கீழே இறங்கும். ஒரு வரியின் காலும் அடுத்த வரியின் தலையும் மோதிக்கொள்ளும். 7 அல்லது 8 மில்லிமீட்டர் இடைவெளி உள்ளதைத் தேடுங்கள். ஏ4 தாளில் பாதியான ஏ5 பக்கத்தில் தேதிக்கும் ஓரத்துக்கும் போக 22 முதல் 25 வரிகள் கிடைக்கும். அதிலேயே ஒரு நாள் அடங்கிவிடும்.

நாளுக்கு ஒரு பக்கமா, வாரத்துக்கு இரண்டு பக்கமா என்பதைத் தொழில்தான் முடிவு செய்ய வேண்டும். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் 183 தாள். குறிப்புப் பக்கங்களுக்குப் பத்துத் தாள் சேர்த்தால் 193. ஏ5 அளவு, 70 ஜிஎஸ்எம் என்றால் காகிதம் மட்டுமே சுமார் 420 கிராம். அதைவிடப் பெரிய பி5 என்றால் 600 கிராமை நெருங்கும். அட்டை தனி. தினமும் பஸ்ஸில் போகிற ஆசிரியைக்கு வாரத்துக்கு இரண்டு பக்க டைரியே மேல். தையற்கடை, சமையல் கான்ட்ராக்ட், போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறவர்கள் சனி, ஞாயிறை ஒரே பக்கத்தில் அடைத்த டைரியைத் தொடவே வேண்டாம். அவர்களுக்கு வேலையே அன்றுதான். வாரம் திங்களில் தொடங்குகிறதா, ஞாயிற்றிலா என்பதையும் பாருங்கள். சுவரில் தொங்குகிற காலண்டர் ஞாயிற்றில் தொடங்கி, டைரி திங்களில் தொடங்கினால் கண் பழக்கத்தில் ஒரு கட்டம் தள்ளி எழுதிவிடுவோம்.

டைரியை எப்படி நிரப்புவது என்று வக்கீல்களிடம் கற்றுக்கொள்ளலாம். வழக்கு தள்ளிப்போனதும் இன்றைய பக்கத்தில் அடுத்த வாய்தா தேதியை எழுதுவார்கள். உடனே அந்தத் தேதியின் பக்கத்தைத் திருப்பி வழக்கு எண்ணையும், எந்தத் தேதியிலிருந்து வந்தது என்பதையும் எழுதுவார்கள். இரண்டில் ஒன்று விட்டாலும் வழக்கைத் தொடர முடியாது. வீட்டுக்கும் இதே முறை பொருந்தும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கரன்ட் பில்லைக் கட்டிய அன்றே அடுத்த முறைக்கான பக்கத்தில் குறித்துவிட வேண்டும். முன்கூட்டிய வருமான வரி கட்டுகிறவர்கள் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஐ டைரி வாங்கிய அன்றே எழுதிவிடலாம். ஒரு வாரம் முன்னால் உள்ள பக்கத்திலும் ஒரு வரி வேண்டும். 15-ஆம் தேதி பக்கத்தை 15-ஆம் தேதிதானே திருப்புவோம்! குடித்த தண்ணீர், மனநிலை, நன்றி என்று கட்டம் கட்டமாக அச்சிட்ட பிளானர்கள் ஜனவரி கடைசியில் வெறுமையாகிவிடுவதற்குக் காரணம், நிரப்பாத கட்டம் எழுதுகிறவரைக் குற்றவாளியாக்குவதுதான். அவற்றில் விருப்பம் உள்ளவர்கள் தேதி போடாத நோட்டு வாங்குவது நல்லது. விட்ட நாளுக்குப் பக்கம் வீணாகாது.

விடுமுறைப் பட்டியலை மட்டும் அச்சிட்டபடியே நம்ப வேண்டாம். ஆடிப் பதினெட்டில் சிவகாசியில் காலண்டர் ஆல்பங்கள் (மாதிரித் தொகுப்புகள்) வெளியாகும்போதே டைரி வேலையும் தொடங்கிவிடுகிறது. அரசின் பட்டியல் அதற்கு வெகு நாள் கழித்துத்தான் வருகிறது. பிறை பார்த்து முடிவாகும் பண்டிகைகள் அதன் பிறகும் மாறும். வெளிமாநில டைரிகளில் திருவள்ளுவர் தினமும் உழவர் திருநாளும் இருப்பதே அபூர்வம். பொங்கலையும் கண்ணை மூடிக்கொண்டு ஜனவரி 14 என்று போட்டுவிடுகிறார்கள். தை முதல் தேதி 2025-இல் 14. 2024-இலும் 2026-இலும் 15. யாரும் பார்க்காத எஸ்.டி.டி. தொலைபேசிக் குறியீட்டுப் பட்டியலுக்கு நான்கு பக்கம் ஒதுக்குகிறவர்கள், ஜனவரியில் ஒட்டிக்கொள்ள ஒரு திருத்தத் தாளைக் கடைகளுக்கு அனுப்பலாம்.

பிரதியைப் பிரித்து வைக்க முடியாது என்றால், உறையின் பின்பக்கமாவது இவற்றைச் சொல்லட்டும்: காகிதம் எத்தனை ஜிஎஸ்எம், தையலா கம்மா, கோட்டு இடைவெளி எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமைக்கு முழுப் பக்கம் உண்டா. ஒரு சின்ன ஸ்டிக்கர் போதும்.

இப்படிக்கு,
டைரி பைண்டிங் தொழிலாளர்கள் சிலர்,
சிவகாசி.