இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் வழக்கம்போல் பரிசுகளோடு வந்தார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

நவம்பரில் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் காதோரம் உப்பிய கன்னத்தோடு வந்திருந்தான். கழுத்தில் இரட்டைவடத் தங்கச் சங்கிலி. "பொன்னுக்கு வீங்கி சார், நகை போட்டால் இறங்கிவிடுமாம்" என்றான். மூன்று வாரத்தில் அதே பெஞ்சில் இருவருக்கும் பின்வரிசையில் மூவருக்கும் கன்னம் வீங்கிவிட்டது.

இதற்குக் காரணமான வைரஸை எங்கள் அறிவியல் ஆசிரியை கரும்பலகையில் வரைந்து காட்டினார். தன்னைப் போல் இன்னொன்றைச் செய்யும் குறிப்பைத் தாங்கிய ஆர்.என்.ஏ. இழை ஒன்று, அதைப் பொதிந்த புரதம், மேலே கொழுப்பு உறை, உறையில் முட்கள். அவ்வளவுதான். தானாகப் பெருகத் தெரியாது. முள்ளால் நம் செல்லில் ஒட்டி, உறையைச் செல்லின் சவ்வோடு கலந்துவிட்டு, இழையை உள்ளே இறக்கும். பிறகு அந்தச் செல்லே வைரஸ்களைச் செய்து கொடுக்கும். புதியவை செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு வெளியேறும். "வாடகை தராமல் குடியிருந்துவிட்டு, போகும்போது கதவையும் கழற்றிப் போகிற ஆள்" என்றார் ஆசிரியை. சோப்பு அந்தக் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கான மருந்து, இதை ஒன்றும் செய்யாது.

தொற்றி 16 முதல் 18 நாளில்தான் பெரும்பாலும் வீக்கம் தெரியும். அதற்கு ஓரிரு நாள் முன்பே எச்சில் வழியே பரவத் தொடங்கிவிடும். ஒரே தண்ணீர் பாட்டிலில் நாலு பேர் குடித்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். வீக்கம் தொடங்கி 5 நாள் முடியும்வரை பிள்ளையை அனுப்பாதீர்கள். காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்து அனுப்பினால் பதினொரு மணிக்குக் காய்ச்சல் திரும்பிவிடுகிறது. இனி அப்படி வந்தால் உடனே வந்து அழைத்துப் போக வேண்டியிருக்கும். நகைக்கும் பள்ளி பொறுப்பல்ல.

அரசு போடும் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டுமே. பொன்னுக்கு வீங்கிக்கான எம்.எம்.ஆர். ஊசி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

தவறு எங்கள் பக்கமும் உண்டு. முழு வருகைக்குப் பரிசு என்று அறிவித்தது நாங்கள்தான். அடுத்த பருவம் முதல் அந்தப் பரிசுக்கு நோய் விடுப்பை வராத நாளாகக் கணக்கிட மாட்டோம்.

மகளுக்குக் கன்னம் வீங்கியதும் தாமாகவே தொலைபேசியில் தெரிவித்த தாயாருக்கு மனமார்ந்த நன்றி. அன்று மாலையே அந்த வகுப்புப் பெற்றோர் அனைவருக்கும் தகவல் சொல்ல முடிந்தது.

அன்புடன்,
தலைமையாசிரியர்