மெலீயை எடைபோடும் முன்: ரெய்டு தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் விளையாட்டில், 40 பேர் சேர்ந்து பாஸ்களை (பெரிய எதிரிகளை) வீழ்த்தும் ரெய்டை நடத்தும் தலைவர்களுக்கும், அதில் கிடைக்கும் லூட்டை (ஆயுதம், கவசம்) பங்கிடும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ரெய்டு முடிந்த கையோடு, யார் எவ்வளவு சேதம் செய்தார் என்று காட்டும் டேமேஜ் மீட்டரைச் சாட்டில் ஒட்டுகிறீர்கள். மேலே தூரத்திலிருந்து மந்திரம் வீசும் மேஜ்கள், அடியில் மெலீ, அதாவது நெருங்கி நின்று ஆயுதத்தால் அடிப்பவர்கள்: நாலைந்து வாரியர், இரண்டு ரோக். உடனே தீர்ப்பு: அடுத்த வாரம் மெலீயைக் குறைத்துவிடலாம். ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாள், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சில நேரம் கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கிறது. அந்தக் கூடத்தைக் கட்டுவது நீங்கள். குரூப் பிரிப்பது, பாஸின் கவசத்தை உரிப்பது, பாஸை எந்தப் பக்கம் திருப்புவது, ஆயுதத்தை யாருக்குக் கொடுப்பது என எல்லாமே உங்கள் கையில்தான் இருக்கின்றன.

முதலில் ரேஜ், அதாவது வாரியரின் சிறப்பு அடிகளுக்குச் செலவாகும் ஆற்றல். மேஜுக்கு மந்திர ஆற்றலான மனா தொட்டியில் நிரம்பியே வருகிறது. வாரியர் காலித் தொட்டியோடு வந்து அடித்து அடித்துத்தான் நிரப்ப வேண்டும். 60ஆம் லெவலில் வெள்ளை எண்ணில் தெரியும் சாதாரண அடி ஏறத்தாழ 31 டேமேஜ் செய்தால் 1 ரேஜ் கிடைக்கும். பிளட்தர்ஸ்ட் என்ற சிறப்பு அடிக்கு 30 ரேஜ் வேண்டும், அதாவது 900க்கு மேல் வெள்ளை அடி இறங்கியிருக்க வேண்டும். வேர்ல்விண்டுக்கு 25. அடி மிஸ்ஸானால் ரேஜ் பூஜ்யம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அதனால் வெள்ளை அடியைக் குறைக்கும் எதுவும் மஞ்சள் எண்ணில் தெரியும் சிறப்பு அடியையும் சேர்த்தே குறைக்கிறது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றும் வாரியரை இரண்டு முறை தாக்குவது இதனால்தான்.

கவசக் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். பாஸின் கவசம் 3,731 என்று வையுங்கள். அதை அந்தக் கவசமும் 5,500ம் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், 60ஆம் லெவல்காரர் அடிக்கும்போது எவ்வளவு வீணாகிறது என்று தெரியும்: 40 சதவீதம். 1,000 போக வேண்டிய அடி 596தான் போகிறது. வாரியர் கவசத்தை உரிக்கப் போடும் சண்டர் ஆர்மர் ஒன்றுக்கு 450, ஐந்து அடுக்கு விழுந்தால் 2,250 குறையும். இப்போது அதே அடி 788. ட்ரூயிடின் ஃபேரி ஃபயர் 505ஐக் கழித்தால் 849. வார்லாக் கர்ஸ் ஆஃப் ரெக்லெஸ்னஸ் என்ற சாபத்தைப் போட்டு இன்னும் 640 உரித்தால் 942. அதே வாரியர், அதே கோடரி, அதே பொத்தான். 596க்கும் 942க்கும் நடுவில் இருப்பது மூன்று பேருக்கு நீங்கள் கொடுத்த, அல்லது கொடுக்க மறந்த, வேலை. ரெக்லெஸ்னஸ் போட்டால் பாஸின் அடி கொஞ்சம் கனக்கும் என்பது உண்மை. டேங்கும் (பாஸின் அடியை வாங்குபவர்) ஹீலர்களும் (குணப்படுத்துபவர்கள்) தாங்கினால் தயங்க வேண்டாம்.

சண்டர் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, ஐந்தையும் டேங்க் தலையில் கட்டுவது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை விநாடி, டேலண்ட் (நாமே தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறன்) எடுக்காவிட்டால் 15 ரேஜ். ஐந்தும் விழ 7.5 விநாடியும் 75 ரேஜும் வேண்டும், அதுவும் ஒன்றுகூட மிஸ் ஆகாமல் இருந்தால். ஐந்து வாரியர் ஆளுக்கொன்று போட்டால் வேலை முதல் மூச்சிலேயே முடிந்தது. யார் யார் என்று பெயர் சொல்லிவிடுங்கள். "யாராவது போடுங்க" என்றால் யாரும் போடமாட்டார்கள். 30 விநாடியில் அடுக்கு உதிர்ந்துவிடும், புதுப்பிக்க ஒருவரைத் தனியாகச் சொல்லிவையுங்கள்.

ரோக் போடும் எக்ஸ்போஸ் ஆர்மரை டேலண்டோடு ஐந்து காம்போ புள்ளியில் (ரோக்கின் அடிகள் சேர்க்கும் புள்ளி) போட்டால் 2,550 குறையும், சண்டரைவிட அதிகம். ஆனால் இரண்டும் சேராது. எக்ஸ்போஸ் மேலே இருக்கும்வரை டேங்கின் சண்டர் ஏறவே ஏறாது. டேங்குக்கு அதில் வரும் த்ரெட்டும் (பாஸ் யாரைத் தாக்கும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கு) போய்விடும். ஆகவே இது ரோக் தன்னிஷ்டத்துக்கு எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது. நீங்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதோடு 2019இல் கிளாசிக் வந்தபோது பாஸின் மேல் 16 டிபஃபுக்குத்தான் (எதிரியின் மேல் ஏற்றும் பாதிப்பு) இடம் இருந்தது. அந்த வரம்பு உள்ள சர்வரில் இடம் நிரம்பியபின் புதிதாக ஒன்று ஏறினால் ஏதோ ஒன்று கீழே விழும். உப்புச்சப்பில்லாத விஷமும் ரத்தக்கசிவும் இடத்தை அடைத்துக்கொண்டு முக்கியமானது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குரூப் பிரிப்பது. ஐந்தைந்து பேர் கொண்ட எட்டுக் குரூப்புக்கும் ஒரு வாரியர் என்று சமமாகப் பரிமாறும் தலைவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் அப்பளம் போடுவதுபோல. அடியின் வலுவை (அட்டாக் பவர்) ஏற்றும் வாரியரின் பேட்டில் ஷவுட், அதைப் போடுபவரின் குரூப்புக்கு மட்டும்தான் கிடைக்கும், அதுவும் 20 கெஜத்துக்குள். நான்கு பிரீஸ்ட்களுக்கு நடுவில் நின்று கத்தும் வாரியரால் யாருக்கு என்ன லாபம்? மெலீயை ஒரே குரூப்பாகக் கட்டுங்கள். விளையாட்டின் இரண்டு அணிகளான ஹோர்ட், அலையன்ஸில் ஹோர்ட் பக்கம் என்றால் நான்கு மெலீக்கு ஒரு ஷாமன். காரணம் ஷாமன் தரையில் நடும் விண்ட்ஃபியூரி டோட்டம். வலதுகை ஆயுதத்தின் ஒவ்வொரு அடிக்கும் 20 சதவீத வாய்ப்பில் கூடுதலாக ஓர் அடி, அதற்கு 315 அட்டாக் பவர் போனஸ். அந்தக் கூடுதல் அடி ரேஜும் தரும்.

இந்த டோட்டத்தைக் கெடுக்கும் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஷாமன் ஹீலர்களோடு தூரத்தில் நின்றுகொண்டு காலடியிலேயே டோட்டத்தை நட்டுவிடுவது. அதன் எல்லையும் 20 கெஜம்தான், அது பாஸின் பின்னால், மெலீ நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். பாஸை நகர்த்தினால் டோட்டம் பழைய இடத்திலேயே நிற்கும், திரும்ப நட வேண்டும். இரண்டாவது, வலதுகை ஆயுதத்தில் தீட்டுக்கல்லோ விஷமோ தடவியிருப்பது. விண்ட்ஃபியூரியும் அதே இடத்தில்தான் உட்காரும், ஏற்கெனவே ஒன்று இருந்தால் இது ஏறாது. ரோக் இடதுகை ஆயுதத்துக்கு மட்டும் விஷம் தடவ வேண்டும், வலதுகை சும்மா இருக்கட்டும். ஆயுதத்தின் மேல் விண்ட்ஃபியூரி 10 விநாடி நிற்கும் என்பதால், தேர்ந்த ஷாமன் அதை நட்டு, உடனே சுறுசுறுப்பைக் கூட்டும் கிரேஸ் ஆஃப் ஏர் டோட்டத்தை நட்டு, நேரம் முடியும் முன் மறுபடி விண்ட்ஃபியூரிக்கு வருவார். இரண்டு பலனும் கிடைக்கும், மனா மட்டும் தண்ணீராகக் கரையும். அவரிடமே ஹீலும் கேட்காதீர்கள்.

ஆயுதத் திறனைப் பற்றித்தான் லூட் அதிகாரிகளிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 63ஆம் லெவல் பாஸை 300 திறனோடு, இரண்டு கையிலும் ஆயுதம் பிடித்து, பின்னாலிருந்து அடிக்கும் ஒரு ஃபியூரி (அடிப்பதற்கென்றே டேலண்ட் எடுத்த) வாரியரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் 6 சதவீதம் ஹிட் (அடி மிஸ் ஆவதைக் குறைக்கும் எண்) இருக்கிறது. நூறு வெள்ளை அடியில் 22 காற்றில் போகும். ஆறேழை பாஸ் விலகித் தப்பிக்கும். 40 அடி கிளான்சிங், அதாவது உரசிக்கொண்டு போகும் அடி. அது கிரிட் (இரட்டிப்பு அடி) ஆகாது. முழுசாக விழவும் கிரிட் ஆகவும் மிஞ்சுவது 31, 32தான். அந்த 40ஐ யாராலும் குறைக்க முடியாது, ஹிட் ஏற்றினாலும் போகாது. ஆனால் அது எவ்வளவு உரசுகிறது என்பதை ஆயுதத் திறன் மாற்றும். 300இல் சராசரியாக 35 சதவீதம் போய்விடும். 305இல் 15தான். 308இல் 5. மஞ்சள் அடி மிஸ் ஆகாமலிருக்க 300இல் 9 சதவீதம் ஹிட் வேண்டும், 305இல் 6 போதும். ஐந்தே புள்ளிக்கு இவ்வளவு.

மனிதர்களுக்கு வாளிலும் தண்டத்திலும் பிறவியிலேயே 305. ஓர்க் இனத்துக்குக் கோடரியில். அப்படியிருக்க, ஒனிக்ஸியா என்ற பெண் டிராகன் பாஸிடம் டெத்பிரிங்கர் கோடரி விழுந்தால், லூட் புள்ளி (ரெய்டுக்கு வந்து சேர்த்த புள்ளி) அதிகம் வைத்திருக்கும் அன்டெட் இன வாரியருக்கும் ஓர்க்குக்கும் அது ஒன்றல்ல. அன்டெட் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. அவர் கையில் எட்ஜ்மாஸ்டர் கையுறை இருக்கிறதா என்று கேளுங்கள்: கோடரி, குத்துவாள், வாள் மூன்றுக்கும் 7 புள்ளி. இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். இல்லையென்றால் ரெய்டுக்கு லாபம் ஓர்க் கையில்தான். ரோக்கிடம் இந்தக் கையுறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது மெயில், ரோக் போட முடியாது. காம்பட் டேலண்டில் வாளுக்கும் குத்துவாளுக்கும் 5 புள்ளி ரோக்குக்குக் கிடைத்துவிடும். அந்த டேலண்ட் எடுக்காத ரோக்கை நீங்கள் தாராளமாகத் திட்டலாம், நாங்களும் சேர்ந்துகொள்கிறோம்.

பாஸ் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது அழகுக்காக அல்ல. பின்னாலிருந்து அடித்தால் பாரி (ஆயுதத்தால் தடுப்பது) கிடையாது, பிளாக் (கேடயத்தால் தடுப்பது) கிடையாது. முன்னால் நின்றால் நூறில் 14 அடி பாரி. அதில் மெலீயின் டேமேஜ் போவது சின்ன விஷயம். பாஸ் பாரி செய்த ஒவ்வொரு முறையும் அதன் அடுத்த அடி, வீச்சு நேரத்தில் 40 சதவீதம் வரை முன்னால் வந்துவிடும். 2 விநாடிக்கு ஒருமுறை அடிக்கும் பாஸ் என்றால் முக்கால் விநாடிக்கும் மேல் சீக்கிரம். டேங்க் திடீரென்று விழுந்தால் ஹீலரைக் கேட்கும் முன், முன்பக்கம் நின்றிருந்த ரோக்கைத் தேடுங்கள். ஆனால் "பின்னால் போ" என்று மொட்டையாகச் சொல்வதும் ஆபத்து. ஒனிக்ஸியா மாதிரி டிராகனுக்கு முன்னால் வெட்டு, பின்னால் வால் வீச்சு. மெலீ நிற்க வேண்டியது விலாவுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில். டேங்க் டிராகனை ஆட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடமும் ஆடும், எங்களுக்கு ஓடவே நேரம் சரியாக இருக்கும்.

சண்டையின் நடுவே ஒவ்வொரு வகை வீரராகக் கூப்பிடும் டிராகன் பாஸ் நெஃபாரியன் ரோக்கைக் கூப்பிட்டால் ரோக்குகள் எல்லாம் அவர் முகத்துக்கு முன்னால் போய் விழுவார்கள். அந்த நொடியே டேங்க் அவரை வேறு பக்கம் திருப்ப வேண்டும், இல்லையென்றால் மூச்சும் வெட்டும் அத்தனை பேர் மேலும். வாரியரைக் கூப்பிட்டால் டேங்க் பெர்சர்க்கர் நிலைக்கு மாறிக் கூடுதல் அடி வாங்குவார், ஹீலர்களை உஷார்ப்படுத்துங்கள். பாரன் கெடன் என்ற பாஸ் தன்னைச் சுற்றி எரிக்கும் இன்ஃபெர்னோவுக்கு மெலீ வெளியே ஓடுவதும், ராக்னரோஸ் என்ற பாஸ் தூக்கியெறிந்தால் திரும்பி வருவதும் மீட்டரில் சோம்பலாகத் தெரியும். செத்துக் கிடப்பதைவிட அது மேல்.

த்ரெட்டிலும் ஆட்டம் சமமில்லை. டேங்கின் த்ரெட்டில் 110 சதவீதம் தாண்டினால் மெலீயின் மேல் பாஸ் திரும்பும். தூரத்தில் நிற்பவருக்கு 130 வரை இடமிருக்கிறது. த்ரெட்டை இறக்க ரோக்குக்கு ஃபெயின்ட் உண்டு, வேனிஷ் உண்டு. ஃபியூரி வாரியரிடம் த்ரெட்டை இறக்க ஒன்றுமே இல்லை, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர. அலையன்ஸில் பாலடினின் சால்வேஷன் ஆசீர்வாதம் த்ரெட்டை 30 சதவீதம் குறைக்கும். அதை மெலீக்குப் போடாமல், அடியின் வலுவைக் கூட்டும் மைட் மட்டும் போட்டுவிட்டு, அக்ரோ இழுத்தான் (பாஸைத் தன் மேல் திருப்பினான்) என்று கத்துவது நியாயமில்லை. ஹோர்டில் டிராங்க்வில் ஏர் டோட்டம் 20 சதவீதம் குறைக்கும். ஆனால் அதுவும் காற்று டோட்டம், விண்ட்ஃபியூரியும் காற்று டோட்டம், ஒன்றுதான் நிற்கும். எனவே ஹோர்ட் வாரியரின் உச்சவரம்பு என்பது டேங்கின் த்ரெட்தான். மெலீ மீட்டரில் கீழே இருந்தால் பல நேரம் டேங்குக்கு ஹிட் போதவில்லை என்று பொருள். அந்த ஹிட் மோதிரத்தை டேங்குக்குக் கொடுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

பூனை வடிவில் அடிக்கும் ஃபெரல் ட்ரூயிடையும், ஆயுதத்தால் அடிக்கும் என்ஹான்ஸ்மென்ட் ஷாமனையும் மீட்டர் எண்ணுக்காகக் கூப்பிடாதீர்கள். ஃபெரல் வந்தால் அவர் குரூப்புக்கு 3 சதவீத கிரிட். அவரிடம் பூனை வேகம் எதிர்பார்த்தால், நோமரேகன் என்ற நிலவறையில் விழும் க்ரௌட் பம்மலர் தண்டம் தேவை: 30 விநாடிக்கு 50 சதவீத வேகம், மூன்று முறைதான், அப்புறம் அடுத்ததைத் தேடிப் போக வேண்டும். ஷாமன் கையில் நைட்ஃபால் கோடரி இருந்தால் 5 விநாடிக்கு பாஸ் வாங்கும் மந்திர டேமேஜ் 15 சதவீதம் கூடும். அந்த டேமேஜ் மேஜ் பெயரில்தான் மீட்டரில் ஏறும்.

அடுத்த ஒனிக்ஸியாவில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மெலீயை ஒரே குரூப்பில் போடுங்கள். சண்டருக்கு ஐந்து பேர், ஃபேரி ஃபயருக்கு ஒருவர், ரெக்லெஸ்னஸுக்கு ஒருவர் என்று தொடங்கும் முன் பெயர் சொல்லுங்கள். முதல் அரை நிமிடம் டேங்க் அவளை ஒரே இடத்தில் பிடித்திருக்கட்டும். அந்த மீட்டரையும் போன வார மீட்டரையும் அருகருகே வையுங்கள். அதன் பிறகும் கீழே கிடப்பவர் யாரோ அவரைக் குறையுங்கள்.

இப்படிக்கு,
கோடரியும் குத்துவாளும் பிடிக்கும் சிலர்