கண்காட்சி சார்ட்டுகளில் வரும் அந்த வரிசைப் படம்: சேலம் மாவட்ட உயிரியல் ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

அண்மையில் நகரப் பள்ளியொன்றின் அறிவியல் கண்காட்சியில், குனிந்த குரங்கில் தொடங்கி நிமிர்ந்த மனிதனில் முடியும் வரிசைப் படத்தை மூன்று சார்ட்டுகளில் கண்டேன். "அப்படியானால் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் பையைப் பிடுங்கும் குரங்குகள் ஏன் சார் இன்னும் மனிதராகவில்லை?" என்று ஒரு மாணவி கேட்டபோது சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்படத்தைப் பார்ப்பவருக்கு எழ வேண்டிய கேள்விதான் அது. (நானும் பல்லாண்டு அதையே கரும்பலகையில் வரைந்தவன்.)

அக்குரங்குகள் நமக்குப் பாட்டன் முறையல்ல, தூரத்துப் பங்காளி முறை. அவற்றின் கிளையும், நாமும் அடங்கிய வாலில்லாக் குரங்குகளின் கிளையும் பிரிந்து ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளாகின்றன. இந்த உறவுமுறையை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை நாம் வகுப்பில் சொல்வதேயில்லை.

1932இல் இமயமலை அடிவாரச் சிவாலிக் மலைப்பகுதியில் கிடைத்த மேல்தாடைத் துண்டுக்கு ராமாபித்தேக்கஸ் என்று பெயரிட்டு, அதை 1.4 கோடி ஆண்டுப் பழமையுள்ள மனித மூதாதை என்று அறிஞர் பலர் நெடுங்காலம் நம்பினர். அல்புமின் என்பது இரத்தத்திலுள்ள ஒரு புரதம். மனித அல்புமினுக்கு எதிராக முயலின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள், பிற விலங்குகளின் அல்புமினோடு எவ்வளவு வலுவாக வினைபுரிகிறது (வலு கூடினால் உறவும் நெருக்கம்) என்று அளந்த ஆய்வாளர்கள் சாரிச், வில்சன் இருவரும், மனிதனும் சிம்பன்சியும் பிரிந்து 50 லட்சம் ஆண்டுகளே ஆயின என்று 1967இல் எழுதியபோது எலும்பாய்வாளர்கள் ஏற்கவில்லை. பின்னர் பாகிஸ்தானில் கிடைத்த, ராமாபித்தேக்கஸுக்கு மிக நெருங்கிய சிவாபித்தேக்கஸின் முகவெலும்பு உராங்குட்டானை ஒத்திருந்தது. ராமாபித்தேக்கஸை மனித வழியில் வைத்து வாதிட்ட ஆய்வாளர் பில்பீமே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இன்றைய கணக்குகள் அந்தப் பிரிவைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினாலும், 1.4 கோடிக்கு யாரும் திரும்பவில்லை.

இன்னொரு சான்றை மாணவர்களே செய்து பார்க்கலாம். மனிதருக்கு 46 குரோமோசோம்கள். சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் மூன்றுக்கும் 48. மனிதரின் இரண்டாம் குரோமோசோமையும் சிம்பன்சியின் இரு சிறிய குரோமோசோம்களையும், சாயமேற்றினால் தெரியும் கருப்பு வெள்ளைப் பட்டைகளோடு நகலெடுத்து என் பேத்தியிடம் கொடுத்தேன். அவள் சிறியவற்றைக் கத்தரித்து நுனியோடு நுனி ஒட்டி, பெரியதன் பக்கத்தில் வைத்தாள். கருப்பும் வெள்ளையும் ஏறக்குறைய வரிக்கு வரி பொருந்தின. 1991இல் மனிதக் குரோமோசோமில் அந்த ஒட்டிடத்தின் டி.என்.ஏ.வைப் படித்தவர்கள், வழக்கமாகக் குரோமோசோம் நுனிகளில் அடுக்கடுக்காக வரும் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி என்னும் டி.என்.ஏ. எழுத்துத் தொடர் அங்கே நடுவில் எதிரெதிர் முகமாக நிற்பதைக் கண்டனர். ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய இணைப்பு முடிச்சான சென்ட்ரோமியர் இரண்டாவதாகவும் இருந்து செயலிழந்ததன் எச்சமும் அதே குரோமோசோமில் இருக்கிறது. மனித வழியில் இரு குரோமோசோம்கள் ஒன்றாக இணைந்தன என்பதற்கு இவையே சான்று.

அடுத்த கண்காட்சியில் வரிசைப் படத்துக்குப் பதிலாக, கிளை பிரியும் மரத்தையும் இந்தக் காகிதத் துண்டுகளையும் வைக்க மாணவர்களைத் தூண்டுங்கள். நடுவர்களாக அமரும்போது, "இது எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு விடை சொல்லும் மாணவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். அழைக்கும் பள்ளிக்கு நகல் தாள்களையும் கத்தரிக்கோலையும் நானே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.